கப்பலேறப் போகும் தமிழ்ப் பயணிகளுக்கு





வரும் விடுமுறைக்குச் சொகுசுக் கப்பலில் இடம் பிடித்துவிட்டுக் காத்திருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். நீங்கள் சென்னைத் துறைமுகத்திலேயே ஏறுபவராக இருக்கலாம். சிங்கப்பூர் வரை விமானத்தில் போய் மரினா பேயில் ஏறுபவராக இருக்கலாம். டொரன்டோவிலிருந்து மயாமிக்குப் பறந்து, அங்கிருந்து கரீபியன் தீவுகளைப் பார்க்கப் போகும் ஈழத்துக் குடும்பமாகவும் இருக்கலாம். எங்கே ஏறினாலும் உங்களிடம் நேராகச் சொல்ல வேண்டிய சில விஷயங்கள் எனக்கு இருக்கின்றன. டூர் கம்பெனிக்காரர்கள் பாஸ்போர்ட், விசா, பெட்டியின் எடை என்று எல்லாவற்றையும் சொல்லி அனுப்புவார்கள். கப்பலில் நமக்காக உழைக்கிறவர்களைப் பற்றியும், நம்மோடு பயணம் செய்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கப்பல் பயணம் வீண் ஆடம்பரம் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. எனக்குக் கப்பல் பயணம் மிகவும் பிடிக்கும். கரை மறைந்து நாலா பக்கமும் நீர் மட்டுமே தெரிகிற முதல் மாலையும், மலாக்கா நீரிணையில் விடிவதற்கு முன் வரிசையாகப் போகும் சரக்குக் கப்பல்களின் விளக்குகளும், பினாங்கு மலை மெல்லக் கண்ணுக்குத் தட்டுப்படும் நேரமும் எனக்குச் சலிப்பதே இல்லை. வயதான பெற்றோரை அலைக்கழிக்காமல் நாலு ஊர் காட்ட இதைவிட வசதியான வழி எனக்குத் தெரியாது. ஒரே அறை, ஒரே கட்டில். ஊர்கள்தான் நம்மைத் தேடி வருகின்றன. 2022 ஜூனில் சென்னையிலிருந்தே உல்லாசக் கப்பல் புறப்பட்டபோதும், அடுத்த ஆண்டு அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைமுகங்களைத் தொட்டபோதும் மனதார மகிழ்ந்தவன் நான். ஆகவே போங்கள். பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆனால் ஊர் திரும்பியதும் யாராவது “எப்படியிருந்தது?” என்று கேட்டால், என் பேச்சு கடலில் தொடங்கி உடனே மனிதர்களிடம் போய்விடுகிறது. என் அம்மாவுக்கு முழங்கால் வலி. கப்பல் அறையின் குளியலறை வாசல் உயரமாக இருக்கும். அதைத் தாண்ட அவர் தடுமாறுவதை அறையைச் சுத்தம் செய்ய வந்த இளைஞர் கவனித்திருக்கிறார். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. மாலையில் திரும்பி வந்தபோது வழுக்காத மிதியடி ஒன்று போடப்பட்டிருந்தது. உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூலும் வந்திருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் மேசையைப் பார்த்துக்கொண்ட பிலிப்பைன்ஸ்காரர், இரண்டாம் இரவே அம்மா உட்காருவதற்கு முன்னால் வெந்நீரும் ஒரு கிண்ணம் தயிரும் கொண்டுவந்து வைத்துவிட்டார். “சாப்டீங்களா?” என்ற ஒரு சொல்லை யாரிடமோ கேட்டுக் கற்றுக்கொண்டு வந்து அவர் அம்மாவிடம் சொன்ன அன்று, அம்மா வழக்கத்தைவிட ஒரு பிடி கூடுதலாகச் சாப்பிட்டார்.

உடன் வந்த பயணிகளும் அப்படித்தான். காரைக்குடியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி, யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் குடியேறிய ஒரு குடும்பம், நாங்கள் என ஒரே மேசையில் உட்கார்ந்து, இரவு கூடத்தைப் பூட்டும் நேரம் வரை பேசியிருக்கிறோம். கப்பல் ஆடிய ஓர் இரவில் என் மனைவிக்குத் தலைசுற்றல் தாங்கவில்லை. பக்கத்து அறைக் குஜராத்திப் பாட்டி கதவைத் தட்டி, இஞ்சி மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் முதல் காலையில் மேல்தளத்தில் என் அம்மாவும் அவரும் சேர்ந்தே நடந்தார்கள். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் கிடையாது. நடையில் குறையும் இல்லை.

நாம் கட்டுகிற பணத்துக்கு அறை கிடைக்கிறது, சாப்பாடு கிடைக்கிறது, நீச்சல் குளமும் ஆட்டமும் பாட்டும் கிடைக்கின்றன. வெந்நீரை நினைவு வைத்துக் கொண்டுவருகிற கரிசனத்தையும், இரவில் கதவைத் தட்டிக் கேட்கிற அக்கறையையும் எந்தக் கம்பெனியும் விலை போட்டு விற்க முடியாது. அவை மனிதர்கள் தாமாக மனம்வைத்துத் தருபவை. அப்படித் தரும் மனம் அவர்களுக்கு வருவதும் வராததும் பெருமளவு நம் கையில்தான் இருக்கிறது.

இதைச் சொல்லக் காரணம், அதே கப்பல்களில் நம்மவர்கள் சிலர் நடந்துகொண்ட விதம் என்னை மிகவும் வருத்தியிருக்கிறது. விரலைச் சொடுக்கிப் பரிமாறுகிறவரைக் கூப்பிடுகிறார்கள். சட்டையில் பெயர்ப்பலகை குத்தியிருந்தும் “ஏய்”, “ஹலோ” என்கிறார்கள். அறையைச் சுத்தம் செய்பவர் எதிரே வந்து “குட் மார்னிங்” சொன்னால், அங்கே ஆளே இல்லாததுபோல் கடந்து போகிறார்கள். புரியாது என்ற தைரியத்தில் அவர் முன்னாலேயே அவருடைய நிறத்தையும் முகத்தையும் தமிழில் விமர்சிக்கிறார்கள். எல்லாவற்றையும்விட வெட்கக்கேடானது, பணியாளர்களாகவும் நடனக் கலைஞர்களாகவும் இருக்கும் இளம் பெண்களைக் கேட்காமலே வீடியோ எடுப்பதும், தோளில் கை போட்டுப் படம் எடுக்க நிர்ப்பந்திப்பதும். அந்தப் பெண் சிரித்துக்கொண்டுதான் நிற்பார். சிரிக்க வேண்டியது அவர் வேலை. அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள நமக்கு எந்த உரிமையும் இல்லை.

அந்தச் சிரித்த முகத்துக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையை நீங்கள் அறிய வேண்டும். கப்பல் பணியாளர்களுக்கென்று உலக அளவில் ஒரு சட்டம் இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2006-ல் நிறைவேற்றிய கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அது. 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. நாளொன்றுக்குக் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு, வாரத்துக்குக் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு என்பது அதில் ஒரு விதி. தொழிலாளருக்கு இது பெரிய பாதுகாப்புத்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்தில் உள்ள 168 மணி நேரத்தில் 77 போனால் மீதி 91. ஓய்வு நேரத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால், அவ்வளவு நேரமும் வேலை வாங்க இடம் இருக்கிறது. அந்தப் பத்து மணி நேர ஓய்வையும் இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். ஒரு பகுதி ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். நம் ஊர் அலுவலகங்களில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை அங்கே இல்லை. நாம் இறங்கிப் போகும் நாளன்றே அடுத்த கூட்டம் ஏறிவிடுகிறது. காலையில் நம் படுக்கை விரிப்பை உருவியவர் பிற்பகலுக்குள் அடுத்தவருக்குப் புது விரிப்பு போட்டிருக்க வேண்டும்.

இப்படி ஒரே மூச்சில் ஆறு மாதம், எட்டு மாதம், சிலர் ஒன்பது மாதம் வரை ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். நாம் பால்கனியில் நின்று கடலைப் பார்க்கிறோம். அவர்களில் பெரும்பாலோர் தூங்குவது கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத சிறிய அறையில், இன்னொருவரோடு பங்கு போட்டுக்கொண்டு. பெற்ற குழந்தை முதல் அடி எடுத்து வைப்பதைக் கைப்பேசித் திரையில் பார்த்தவர்கள் அவர்களில் உண்டு. தாய் தந்தை இறந்த செய்தி வந்தபோது நடுக்கடலில் இருந்தவர்களும் உண்டு. அடுத்த துறைமுகம் வரும்வரை அழுதுகொண்டே பரிமாறியிருப்பார்கள். நமக்கு அது தெரிந்திருக்காது.

இவர்கள் நமக்கு அந்நியர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உலகக் கப்பல்களில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா நாட்டவரோடு இந்தியர்களும் பெருந்தொகையாக வேலை செய்கிறார்கள். மும்பை, கோவாக்காரர்கள் மட்டும் என்பது பழைய கதை. மதுரையிலும் திருநெல்வேலியிலும் கேட்டரிங் படித்த பிள்ளைகள், பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வாங்கி, மருத்துவச் சோதனை முடித்து, கப்பல் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். வேலை தேடித் தருவதற்கு ஏஜென்ட் பணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். இருந்தும் நகையை அடகு வைத்து ஏஜென்டுக்குக் கொடுத்துவிட்டு ஏறிய பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு போகிறவர், உங்கள் தெருவில் யாரோ ஒருவருடைய மகனாக இருக்கலாம். கல்யாண வீட்டுப் பந்தியில் நமக்கு இலை போட்டுப் பரிமாறும் பையனை யாராவது அவமதித்தால், நாம் சாப்பாட்டை விட்டு எழுந்து கேட்போம். கப்பலில் மட்டும் ஏன் கேட்காமல் இருக்கிறோம்?

“இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோம், அவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள், செய்துதானே ஆக வேண்டும்?” என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமாகத் தோன்றும் கேள்விதான். நீங்கள் கட்டிய பணத்துக்குரிய சேவையைக் கேட்டு வாங்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. ஏசி ஓடவில்லையா, சைவச் சாப்பாடு தருவதாகச் சொல்லி ஏமாற்றினார்களா, வரவேற்பு மேசையில் எழுதிக் கொடுங்கள், ஊருக்கு வந்தபின் கம்பெனிக்கு எழுதுங்கள், நஷ்டஈடு கேளுங்கள். உணவுப் பட்டியலைத் தீர்மானிப்பதும் விலை வைப்பதும் எங்கோ ஓர் அலுவலகத்தில் நடக்கின்றன. அந்த அலுவலகத்தின் மேல் உள்ள கோபத்தை ரசம் ஊற்றுகிறவர் தலையில் கொட்டினால், குறை தீராது. ஒரு மனிதர் மனம் உடைவதுதான் மிச்சம்.

நான் போன ஒரு பயணத்தில் இதை நேரில் பார்த்தேன். புக்கெட்டில் பல கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு, சிறு படகுகளில்தான் பயணிகளைக் கரைக்கு அனுப்பும். அன்று காற்று பலமாக இருந்தது. அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கேப்டன் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் குழுவைச் சேர்ந்த சிலர் வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். “எங்கள் காசை எண்ணி வை” என்று மேசையைத் தட்டினார் ஒருவர். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. காற்றை நிறுத்த அவரால் முடியாது. கேப்டனின் முடிவை மாற்றவும் முடியாது. அந்த முடிவோ எங்கள் உயிரைக் காப்பதற்காக எடுக்கப்பட்டது. அவர் கண் கலங்கியதைப் பார்த்தும் சத்தம் குறையவில்லை. கடைசியில் குறுக்கே வந்து நின்று, “அந்தப் பிள்ளை என்ன செய்யும்? போய் உட்காருங்கள்” என்று அதட்டியவர், முன்பு சொன்ன காரைக்குடித் தம்பதியில் அந்த ஆசிரியைதான். கூட்டம் கலைந்தது. ஒரே ஒருவர் வாய் திறந்தால் போதும் என்பதை அன்று கண்டேன்.

உயிரைக் காக்கும் விஷயம் என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். கப்பல் புறப்படும்போது நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியை நம்மவர்கள் பலர் தொல்லை என்று நினைக்கிறார்கள். பஃபேயில் நின்றுகொண்டு, “பேர் மட்டும் பதிந்துகொள்ளுங்கள், வந்ததாகப் போட்டுக்கொள்ளுங்கள்” என்று பணியாளரிடம் கேட்கிறார்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கோர்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறியிருந்த நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு அதுவரை பயிற்சி நடக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. அந்த விபத்துக்குப் பிறகுதான், கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி முடிந்திருக்க வேண்டும் என்று 2015 முதல் விதி மாறியது. அந்த 32 பேரில் கடைசியாக, இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2014 நவம்பரில் கண்டெடுக்கப்பட்டது ஓர் இந்தியரின் உடல். அந்தக் கப்பலில் பரிமாறுநராக வேலை பார்த்தவர் அவர். தன் வேலையின் நடுவில் இறந்தவர்.

இது எங்கோ வெளிநாட்டில் நடந்த கதை என்று தள்ளவும் முடியாது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து நம்மவர்கள் பலர் மாண்டார்கள். ஆபத்தை அறிவிக்கும் ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் எங்கே போய் நிற்பது, லைஃப் ஜாக்கெட்டை எப்படி மாட்டுவது, பிள்ளைகளுக்குரிய சின்ன ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் அந்தப் பயிற்சியில் சொல்லித் தருபவர், மாலையில் உங்களுக்குக் காப்பி கொண்டுவரும் அதே பணியாளர்தான். ஆபத்து வந்தால் உங்களைப் படகில் ஏற்றிவிட்டுத்தான் அவர் ஏற வேண்டும். அவர் பேசும் அந்தச் சில நிமிடங்கள் காது கொடுத்துக் கேட்பதைவிடப் பெரிய மரியாதை அவருக்கு இல்லை.

ஆபத்தில் அவர்கள் எப்படி நின்றார்கள் என்பதை உலகம் 2020-ல் பார்த்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் டைமண்ட் பிரின்சஸ் கப்பல் தனிமைப்படுத்தப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் 3,711 பேர். அவர்களில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. பயணிகளை அறைக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். ஆனால் அறை அறையாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் வெளியே நடமாடினார்கள். இரவில் இருவர் இருவராகப் பகிர்ந்த அறைகளில் தூங்கினார்கள். பொதுக்கூடத்தில் சேர்ந்து சாப்பிட்டார்கள். அவர்களில் இந்தியர்கள் மட்டும் நூற்றுக்கும் மேல். அதன்பின் உலகமெங்கும் துறைமுகங்கள் மூடப்பட்டபோது, பயணிகள் வீடு திரும்பிய பின்னும் பல்லாயிரம் பணியாளர்கள் மாதக்கணக்கில் கப்பல்களிலேயே கிடந்தார்கள். இவர்களைத்தான் நாம் விரல் சொடுக்கிக் கூப்பிடுகிறோம்.

சக பயணிகளுக்கும் நாம் கடன்பட்டவர்கள். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் ராஜூலா என்றொரு கப்பல் இருந்தது. 1926-ல் கட்டப்பட்டு, ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. பெரும்பாலான தமிழர்கள் அதில் அறை எடுக்க வசதியில்லாமல் தளத்திலேயே பாய் விரித்துப் போனவர்கள். பக்கத்துப் பாய்க்காரர் எந்த ஊர், என்ன சாதி என்று தெரியாமலே அவரோடு உணவைப் பகிர்ந்துகொண்டவர்கள் அதில் உண்டு. அப்படிக் கப்பலில் பிறந்த நட்பு மலாயா மண்ணில் சம்பந்தமாக முடிந்த குடும்பங்களும் உண்டு. அவ்வளவு நெருக்கடியில் அவர்கள் ஒருவருக்கொருவர் இடம் விட்டார்கள். இன்று நாம் குளிர்சாதன அறையில் போகிறோம். விடியற்காலையிலேயே பத்து நாற்காலிகளில் துண்டைப் போட்டு வைத்துவிட்டு, பத்து மணிக்குமேல் வந்து உட்காருகிறோம். சக்கர நாற்காலியில் ஒருவர் காத்திருக்க, குழுவாக லிஃப்டுக்குள் நெருக்கி ஏறிக்கொள்கிறோம். எல்லோரும் அமைதியாகக் கடலைப் பார்க்கும் இடத்தில் கைப்பேசியைச் சத்தமாக அலற விடுகிறோம்.

பஃபே மேசையிலும் இதே கதைதான். தட்டு நிறைய அள்ளி, பாதியைத் தின்று, மீதியைத் தள்ளிவிட்டுப் போகிறோம். கடலில் அந்த மிச்சத்தை எடுத்துப் போக ஊராட்சி வண்டி வராது. கீழ்த்தளத்தில் ஒருவர் நின்று, உணவு வேறு, காகிதம் வேறு, பிளாஸ்டிக் வேறு என்று கையால் பிரிக்கிறார். பிளாஸ்டிக் எதையும் கடலில் கொட்டக் கூடாது என்பது உலகளாவிய சட்டம். நம் ஒவ்வொரு தட்டும் அவர் கைக்குத்தான் போகிறது. சாப்பாட்டுக் கூட வாசலில் “கை கழுவுங்கள்” என்று பணியாளர் ஒருவர் நின்று சொல்வதைக் கேட்டு எரிச்சல் அடையாதீர்கள். கப்பல்களில் பரவும் நோரோ வைரஸ் வாந்தியும் பேதியுமாகப் படுத்தி எடுக்கும். சானிட்டைசர் மட்டும் போட்டால் அது சரியாகப் போகாது. சோப்பும் தண்ணீரும் வேண்டும். வயிறு சரியில்லாவிட்டால், கப்பல் மருத்துவரிடம் மறைத்துவிட்டுப் பஃபேக்கு வருகிறவர் தன் பயணத்தைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைக்கிறார். அவர் கெடுப்பது நூறு பேருடைய பயணத்தை. வாந்தியைத் துடைக்க வரும் பணியாளருக்கும் நோய் தொற்றும்.

இனி பணக் கணக்கு. பல கம்பெனிகள் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று சேவைத் தொகை ஒன்றைப் பயணியின் கணக்கில் சேர்க்கின்றன. அறையைப் பார்த்துக்கொள்கிறவர், பரிமாறுகிறவர், நம் கண்ணில் படாமல் துவைக்கிறவர், பாத்திரம் கழுவுகிறவர் எனப் பலருக்கும் அது பிரிந்து போகிறது. சில கப்பல்களில், வரவேற்பு மேசையில் போய்க் கேட்டால் அந்தத் தொகையை நீக்கிவிடுவார்கள். இதைச் சாமர்த்தியம் என்று நம் வாட்ஸாப் குழுக்களில் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கிறோம். பல கம்பெனிகளில் பரிமாறுகிறவருக்கு அடிப்படைச் சம்பளம் சிறிது. வருமானத்தின் பெரும்பகுதி இந்தத் தொகைதான். கம்பெனி ஒழுங்கான சம்பளம் கொடுத்துவிட்டு, இதை டிக்கெட்டிலேயே சேர்த்துவிட வேண்டும் என்பதே என் கட்சியும். அதற்காகக் கம்பெனியோடு வாதாடுவோம். அந்த வாதம் வெல்லும்வரை, நம் தொகையை நீக்குவதால் கம்பெனிக்கு வலிக்காது. நம் அம்மாவுக்கு ஸ்டூல் கொண்டுவந்து வைத்த பையனுக்குத்தான் வலிக்கும்.

பயணம் முடிந்ததும் வரும் கருத்துப் படிவமும் அப்படியே. பத்துக்கு எட்டு போட்டால் நல்ல மதிப்பெண் என்று நாம் நினைக்கிறோம். கப்பலில் அதைக் குறையாகவே எடுத்துக்கொள்கிறார்கள் என்று பணியாளர்கள் சொல்கிறார்கள். பெயர் குறிப்பிட்டு வரும் பாராட்டுக்கு அங்கே தனி மதிப்பு இருக்கிறது. பதவி உயர்வுக்கும் அடுத்த ஒப்பந்தத்துக்கும் அது துணை நிற்கும். நாம் செலவிடுவது ஐந்து நிமிடம். அவருக்கு அது ஓர் ஆண்டு வாழ்வு.

இவ்வளவையும் சொன்னபின் உங்களிடம் நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. முதல் நாளே உங்கள் அறையைப் பார்த்துக்கொள்பவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இறங்கும்வரை அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள். உங்கள் பிள்ளைகளையும் அப்படிக் கூப்பிடப் பழக்குங்கள். பாதுகாப்புப் பயிற்சிக்குக் குடும்பத்தோடு நேரத்துக்குப் போய் நில்லுங்கள். சாப்பிடுகிற அளவே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். ஒரு வேளையாவது அறிமுகமில்லாத ஒரு குடும்பத்தோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சேவைத் தொகையை நீக்கச் சொல்லாதீர்கள். இறங்குமுன், உங்களுக்கு உதவிய ஒருவருடைய பெயரையும், அவர் செய்த உதவியையும் கருத்துப் படிவத்தில் நாலு வரி எழுதிவிடுங்கள்.

டூர் கம்பெனி நடத்துகிறவர்களுக்கும் டூர் மேனேஜர்களுக்கும் தனியாக ஒரு வேண்டுகோள். புறப்படுவதற்கு முன் பயணிகளுக்கு நீங்கள் தரும் குறிப்புத் தாளில் இவற்றையும் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள். சேவைத் தொகை எவ்வளவு, யாருக்குப் போகிறது என்பதை டிக்கெட் விற்கும்போதே மறைக்காமல் சொல்லுங்கள். கடைசி நாள் இரவு திடீரென்று தெரிந்துகொள்ளும் பயணிதான் வரவேற்பு மேசையில் போய் நின்று சண்டை போடுகிறார்.

இன்னும் ஒன்று. நம்மவர் யாராவது ஒரு பணியாளரையோ சக பயணியையோ அவமதிப்பதைக் கண்டால், சும்மா பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அந்தக் காரைக்குடி ஆசிரியையைப்போல் எழுந்து நின்று ஒரு வார்த்தை கேளுங்கள். வெளிநாட்டவர் கேட்டால் அது சண்டையாகும்; பணியாளர் கேட்டால் அவர் வேலைக்கு ஆபத்து. நாம் கேட்டால் நம் ஆள் அடங்குவார். அந்தக் கடமை நமக்கு மட்டுமே உரியது. தயவுசெய்து அதை இந்தப் பயணத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

உங்கள் பயணம் இனிதாக அமையட்டும்.

அன்புடன்,
உங்களைப்போல் ஒரு கப்பல் பயணி